செவேரோ யுக்ராவின் மகள் சுற்றிப்போன வழி

பசீலியா யுக்ராவுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள். ஜீப்பின் முன்கண்ணாடியைத் துடைப்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே கண்ணாடி பளபளவென்று ஆகிவிட்டது. கை விறைத்துப்போகிற குளிர். உப்புக்கல்லால் கட்டிய அந்த விடுதிக்குள்ளே மூன்று பேர் இன்னும் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மூவரும் அர்ஜென்டினாவின் ரொசாரியோ ஊர்க்காரர்கள். பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதர்கள். முதுகில் ஆளுயர மூட்டையைக் கட்டிக்கொண்டு பொலிவியாவைச் சுற்ற வந்திருந்தார்கள். தாடிக்காரன் லௌத்தாரோ. எல்லா ஏற்பாடும் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்த பெண் பிரெண்டா. மூன்றாமவன் நாச்சோ. எதையும் எங்கேயும் மறந்து வைத்துவிட்டு, அதற்குச் சிரிக்கவும் சிரிக்கிற வகை. போகிற இடமெல்லாம் மாத்தே குடிக்க வேண்டும் அவர்களுக்கு. சுரைக்குடுக்கையில் இலையைப் போட்டு, வெந்நீரை ஊற்றி, ஒரே குழலை மூவரும் மாற்றி மாற்றி உறிஞ்சுவார்கள். குடித்து முடிக்கிற வரைக்கும் உலகம் நின்றுகொள்ள வேண்டும். பாறைகளுக்கு நடுவே, ஏரிக்கரையில், வெந்நீர் ஊற்றுப் பக்கத்தில் என்று மூன்று நாளாக உலகம் நின்றுகொண்டுதான் இருந்தது. பசீலியாவும் நின்றுகொண்டிருந்தாள்.

வேறு நாளாக இருந்தால் அவள் பொறுத்திருப்பாள். சுற்றுலாப் பயணிகளை ஜீப்பில் கூட்டிப்போகிறவளுக்குப் பொறுமைதான் தொழில். பத்தொன்பது வயதில் இதே மாதிரி ஜீப்புகளின் பின்சீட்டில் சமையல்காரியாக ஏறினாள். மடியில் முட்டைக் கூடை, காலடியில் எரிவாயு உருளை. ஓட்டுநர் வில்ஃப்ரெதோவின் கால்கள் எதை எப்போது மிதிக்கின்றன என்று பார்த்துப் பார்த்தே ஓட்டக் கற்றுக்கொண்டாள். பிறகு அந்த வில்ஃப்ரெதோவையே கட்டிக்கொண்டாள். அவன் சிலே பக்கம் கலாமா சுரங்கத்துக்குப் போனபோது ஆறே மாதத்தில் திரும்பிவிடுவதாகச் சொன்னான். கலாமாவில் அவனுக்கு இப்போது வேறொரு குடும்பம் இருக்கிறது. பல்சக்கரம் உடைந்த ஜீப்பை மட்டும் விட்டுப் போயிருந்தான். அதைச் சரிசெய்து, தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி ஆரஞ்சு வண்ணம் அடித்து, சமையலும் தானே ஓட்டமும் தானே என்று ஆக்கிக்கொண்டாள். மற்ற ஓட்டுநர்கள் ஒரு வருஷம் சிரித்தார்கள். அடுத்த வருஷம் வண்டி நடுவழியில் நின்றபோது அவளிடம் ஸ்பானர் கேட்டார்கள்.

ஆனால் அன்று விலாகாலாவில் ஊர்க்கூட்டம். மதியச் சாப்பாடு ஆனதும் தொடங்கிவிடும்.

விலாகாலா அவள் பிறந்த ஊர். அங்கே நிலம் யார் கைப் பத்திரத்திலும் இல்லை. அது ஊருக்குச் சொந்தம். கூட்டத்துக்கு வருகிறவர், மறியலில் நிற்கிறவர், முறை வரும்போது பொறுப்பை ஏற்கிறவர் எவரோ அவர் உழுதுகொள்ளலாம். வராதவருக்கு இல்லை. அவளுடைய அப்பா செவேரோ இருந்தவரை மலையடியில் ஒரு துண்டு நிலத்தில் கினோவா தானியம் விதைத்தார். அவர் போய்ச் சில வருஷம் ஆகிவிட்டது. கூட்டத்தில் இன்னும் ‘செவேரோ யுக்ரா’ என்றுதான் வாசிக்கிறார்கள். மகள் எழுந்து ‘ஆஜர்’ என்பாள். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் புருஷன் ஊரில்தான் நிலம் என்பது விலாகாலா பெரிய மனிதர்களின் சட்டம். புருஷன் ஊருக்குப் போய்க் கேட்டால், முதலில் புருஷனைக் கூட்டிக்கொண்டு வா என்கிறார்கள். செத்தவர் பெயருக்கு ஆஜர் சொல்லிச் சொல்லியே அவள் நிலத்தைப் பிடித்து வைத்திருந்தாள்.

இந்த வருஷம் இரண்டு கூட்டம் தவறிவிட்டது. ஒரு தடவை, உயரம் ஒத்துக்கொள்ளாமல் மயங்கிய ஒரு பயணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். இன்னொரு தடவை அச்சு முறிந்தது. தொடர்ந்து மூன்றாவதும் தவறினால் நிலம் அடுத்த பங்காளிக்குப் போய்விடும். அந்தப் பங்காளி அவளுடைய சித்தப்பா மகன் ரெமீஹியோ. இப்போதே அவனுடைய லாமாக்கள் அங்கேதான் மேய்கின்றன. கேட்டால், நிலம் அநாதையாகக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை என்பான். அவ்வளவு இளகிய மனசு அவனுக்கு.

ஊர்த்தலைவர் செலஸ்தீனோவிடம் பெயர் மாற்றத்தைப் பற்றிப் பேசியிருந்தாள். அவர் மறுக்கவில்லை. “நீ வா. வந்து பேசு. வராதவ பேரை எப்படிம்மா எழுதறது?” என்று மட்டும் சொன்னார்.

ஆகவே அன்று அவள் போட்ட கணக்கு எளிமையானது. உப்புவெளியில் சூரிய உதயம், ஒரு காலை உணவு, இவர்களைக் கொண்டுபோய் உயுனி நகரத்தில் இறக்கிவிட்டு நேராக ஊர். சக்கரங்களுக்குக் கொஞ்சம் சாராயம் தெளித்து, பூமித்தாயிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். பூமித்தாய்க்கு அன்று காது கேட்கவில்லை போலிருக்கிறது.

உப்புவெளியின் நடுவில் நாச்சோ பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டைனோசரை எடுத்தான். பொம்மையைக் காமிராவுக்குப் பக்கத்தில் வைத்து, ஆட்கள் தூரத்தில் நின்றால், அது ஆளை விழுங்குகிற மாதிரி படம் வரும். வருகிற கூட்டமெல்லாம் எடுக்கிற படம்தான் இது. ஆனால் இந்த மூவரும் அதைச் சினிமா மாதிரி எடுத்தார்கள். பிரெண்டாவுக்குத் தன் பயம் இயற்கையாக இல்லை என்று பட்டது. லௌத்தாரோவுக்குத் தன் தொப்பி சரியில்லை. அப்புறம் படம் கெட்டது யாரால் என்று சண்டை மூண்டு, தாடிக்காரனும் பிரெண்டாவும் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். இனி எல்லாச் செய்தியும் நாச்சோ வழியாகப் போகவேண்டும். உப்பின் மேல் படுத்தபடி அவன் ஆளுக்கு ஆள் தூது சொல்லிக்கொண்டிருக்க, பசீலியா கண்ணாடியைத் துடைத்தாள்.

ஒருவழியாக வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் நாச்சோ தன் இடுப்பைத் தடவினான். பிறகு பையைத் தடவினான். பிறகு சிரித்தான். கடவுச்சீட்டு வைத்த பை விடுதியின் தலையணைக்கடியிலேயே இருக்கிறதாம்.

கடவுச்சீட்டு இல்லாமல் அவன் எல்லை தாண்ட முடியாது. விட்டுவிட்டுப் போகவும் முடியாது. வண்டியைத் திருப்பினாள். பை தலையணைக்கடியில் இல்லை. கழிப்பறை ஆணியில் தொங்கியது. திரும்பி வந்து ஏறியவன், கிளம்பும் முன் கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா என்று கேட்டான்.

“தம்பி, ஏறி உட்காரு,” என்றாள் அவள். அந்தக் குரலைக் கேட்டதும் அவன் ஃபிளாஸ்க்கைப் பைக்குள் வைத்துவிட்டான்.

இனி உயுனிக்குப் போய்விட்டு ஊருக்குப் போனால் கூட்டம் கலைந்திருக்கும். பாதை பிரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தி விஷயத்தைச் சொன்னாள். தனக்கு ஊரில் ஒரு கூட்டம். முதலில் அங்கே போயாக வேண்டும். முடிந்ததும் இவர்களை நகரத்தில் விடுவாள். சம்மதமில்லை என்றால் இங்கேயே இறங்கி வேறு வண்டிக்குக் காத்திருக்கலாம். மூவரும் ஜன்னல் வழியே பார்த்தார்கள். நாலு பக்கமும் காற்றும் முட்செடியும்தான். இரவு பஸ்ஸைப் பிடித்தால் போதும் என்று லௌத்தாரோ நாச்சோவிடம் சொன்னான். அதையே பிரெண்டாவும் நாச்சோவிடம் சொன்னாள்.

மேட்டில் ஏறியதும் புகை தெரிந்தது. சாலை வளைவில் டயர் எரிந்துகொண்டிருந்தது. குறுக்கே கல்வரிசை. ஏழெட்டு லாரிகள் நிற்க, கல்வரிசைக்குப் பின்னால் ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது.

மறியல். இந்த நாட்டில் இது மழை வெயில் மாதிரி வரும் போகும். வேறொரு நாளில் அவளும் எஞ்சினை அணைத்துவிட்டு உருளைக்கிழங்கு உரிக்க ஆரம்பித்திருப்பாள். இன்றைக்கா வரவேண்டும்? யார் வேலை இது என்று யோசித்தாள். விலாகாலாக்காரர்கள் மறித்தால் பாலத்தில்தான் மறிப்பார்கள். அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். அப்பா காலத்துக் கற்கள் இன்னும் பாலத்தோரம் அடுக்கி இருக்கின்றன. வளைவில் உட்கார்ந்திருப்பது லாரிச் சங்கமாக இருக்க வேண்டும், இல்லை பக்கத்து ஊர்க்காரர்களாக இருக்க வேண்டும். அவர்களுக்கு வேறு நாளே கிடைக்கவில்லை போலும் என்று திட்டினாள். மூன்று நாளாக மலைக்குள் இருந்ததில் கைபேசிக்கு உயிரே இல்லை. யாரையும் கேட்கவும் வழியில்லை.

வளைவுக்கு இந்தப் பக்கமே வறண்ட ஆறு ஒன்று சாலையை ஒட்டி ஓடுகிறது. சின்ன வயதில் ஆடு ஓட்டிப்போன பாதை. அதில் இறங்கி, முட்செடிகளுக்கு ஊடே போய், மறியலுக்கு அப்பால் கரையேறிவிடலாம். ஜீப்பை அதில் இறக்கினாள். உள்ளே பாத்திரங்கள் உருண்டன. பின்னால் புழுதி கோபுரமாக எழுந்தது. மறியல்காரர்கள் எழுந்து நின்று கைகளை ஆட்டிக் கூச்சலிடுவது தெரிந்தது. காற்றில் ஒரு சொல்லும் வந்து சேரவில்லை. நாச்சோ ஜன்னலைத் திறந்து அவர்களுக்கு டாட்டா காட்டினான்.

கரையேறியதும் மூவரும் கைதட்டினார்கள். சண்டையை மறந்து பிரெண்டா லௌத்தாரோவின் தோளிலேயே தட்டினாள். பசீலியாவுக்கும் மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. மூன்றாவது கூட்டம் தவறவில்லை. செவேரோவின் மகளை நிறுத்த முடியாது.

விலாகாலாவில் கூட்டம் நடக்கிற பள்ளிக்கூட மைதானம் காலியாக இருந்தது.

வீடுகள் பூட்டியிருந்தன. இரண்டு நாய்கள் ஜீப்பைச் சுற்றி வந்தன. பள்ளிக்கூடச் சுவரோரம் இலாரியோன் மட்டும் மாவுக்கட்டு போட்ட காலை நீட்டி வெயில் காய்ந்துகொண்டிருந்தான். போன மாதம் கூரை மாற்றும்போது விழுந்தவன். கூட்டம் எங்கே என்று கேட்டாள். அவன் அவளையும் ஜீப்பையும் மாறி மாறிப் பார்த்தான்.

“என்னக்கா கேள்வி இது? நீ அந்த வழியாத்தானே வந்திருக்கணும். எல்லாரும் மறியல்ல இருக்காங்க.”

“எந்த மறியல்?”

“வளைவுல. கிணறு தோண்டுற மிஷின் அனுப்பறேன் அனுப்பறேன்னு மூணு வருஷமா ஏமாத்துறாங்கள்ல, அதுக்கு. நேத்து சாயங்காலம்தான் முடிவாச்சு. எல்லாருக்கும் போன்ல சொன்னாங்களே.”

“நாம பாலத்துலதானே வைப்போம்?”

“பாலத்துல வச்சா ஆத்துல இறங்கிச் சுத்திப் போயிடறானுங்க. அதான் இந்தத் தடவை வளைவு. அங்க ஒரு பய சுத்திப்போக முடியாதுன்னு செலஸ்தீனோ அண்ணன் அடிச்சுச் சொன்னாரு.” அவன் ஜீப்பின் சக்கரத்தில் ஒட்டியிருந்த ஆற்றுமண்ணைப் பார்த்தான். “கூட்டமும் அங்கேயேதான். பேர் வாசிக்கிறதும் அங்கதான்.”

பசீலியா துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கப் போனாள். துடைக்க முடியவில்லை. துணியைத் தரையில் எறிந்துவிட்டுச் சக்கரத்தோரம் உட்கார்ந்தாள். ஊர்க்கூட்டத்துக்கு நேரத்தில் போகவேண்டும் என்று ஊரின் மறியலையே உடைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். ஊர் முழுக்க எழுந்து நின்று பார்க்க, ஆரஞ்சு வண்ண ஜீப்பில், டாட்டா காட்டிக்கொண்டு. சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான். இதைவிட, அச்சு முறிந்து மலையிலேயே கிடந்திருக்கலாம். போகாவிட்டால் மூன்றாவது கூட்டம் தவறும். போனால் மறியலை உடைத்தவள். இரண்டிலும் ரெமீஹியோவின் லாமாக்களுக்குப் புல் நிச்சயம்.

லௌத்தாரோ மெதுவாக வந்து, நிலைமை புரிகிறது, ஆனால் இரவு பஸ் விஷயம் என்னவாகும் என்று கேட்டான்.

மூன்று நாளாக வாய்க்குள்ளேயே இருந்தது அப்போது வெளியே வந்தது. “உங்க மூணு பேருக்கும் ஊருக்குப் போக பஸ் இருக்கு தம்பி. இன்னிக்கு விட்டா நாளைக்கு. எனக்கு இருக்கறது இந்த ஒரு ஊருதான். அதுல நான் இருக்கேனா இல்லையான்னு இப்ப அங்க பேசிட்டு இருக்காங்க. நீ பொம்மைக்குப் பயப்படற மாதிரி படம் எடுக்கறதுக்குள்ள என் நிலம் போச்சு.”

நாச்சோகூடச் சிரிக்கவில்லை. பிரெண்டா கீழே கிடந்த துணியை எடுத்து உதறி அவளிடம் நீட்டினாள். பசீலியா அதை வாங்கிப் பாவாடையில் செருகிக்கொண்டு ஏறினாள்.

இந்தத் தடவை சாலை வழியாகவே, ஊர்ப்பக்கத்திலிருந்து, மெதுவாகப் போய் மறியலின் முன்னால் நிறுத்தினாள். பெயர் வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. ஸ்பானிஷ் அகரவரிசையில் யுக்ரா எப்போதும் பட்டியலின் கடைசிப் பெயர். சின்ன வயதில் அதற்காக அப்பாவிடம் சலித்துக்கொண்டிருக்கிறாள். இன்று அந்தக் கடைசி இடம்தான் காப்பாற்றியது. ஊர் எழுத்தர் புருதென்சியா மூக்குக் கண்ணாடியை இறக்கி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரல் மாறாமல் வாசித்தாள்.

“செவேரோ யுக்ரா.”

“ஆஜர்,” என்றாள் பசீலியா.

“இப்பத்தான் தூசி அடங்குச்சு,” என்றான் ரெமீஹியோ. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் எழுந்து நின்றுகொண்டான். “மறியலை உடைச்ச வண்டிக்கு என்ன வழக்கமோ அதைச் செய்வோம். காத்தைப் பிடுங்கிவிட்டு அனுப்புங்க. உள்ள ஒருத்தன் நமக்கு டாட்டா வேற காட்டினான். எங்க அக்கா இப்ப நகரத்து ஆளு, சுற்றுலா ஆளு. ஊர்க்காரியா இருந்தா இப்படிப் பண்ணுவாளா? நீங்களே சொல்லுங்க.”

அவன் பேச்சில் ஓர் உள்வேலை இருந்தது. வெளியூர் வண்டி மறியலை மீறினால் சக்கரத்தில் காற்றைப் பிடுங்கி அனுப்பிவிடுவார்கள். அத்தோடு சரி. ஊர்க்காரர் மீறினால் கதை வேறு. அபராதம். அது ஊர்க்காரருக்கு மட்டுமே உண்டு. நாலு பேர் அதற்குள் சக்கரத்துப் பக்கம் போய்க் குனிந்துவிட்டார்கள்.

பசீலியா கண்ணாடியைத் துடைக்கவில்லை. கத்தினாள். அவள் கத்தி அந்த ஊர் கேட்டதே இல்லை.

“என் சக்கரத்தைத் தொடாதீங்க. எனக்கு அபராதம் போடுங்க.”

செலஸ்தீனோ தலைப்பாகைத் துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “தெரியாம வந்துட்டேன்னு சொல்லும்மா. விட்டுடலாம். எதுக்கு அபராதம்?”

“தெரியாமத்தான் வந்தேன். ஆனா வந்தது வந்ததுதான். பால மறியல்ல சுத்திப்போனான்னு இதே ரெமீஹியோவுக்குப் போன வருஷம் அபராதம் போட்டீங்க. அவன் காத்தை யாரும் பிடுங்கலை. எனக்கு மட்டும் என்ன தனி மரியாதை? அவன் ஊர்க்காரன்னா நானும் ஊர்க்காரி. போடுங்க.”

ரெமீஹியோ உட்கார்ந்துவிட்டான். இப்போது சிரித்தவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். லாரிக்காரர்களும் இறங்கி வேடிக்கை பார்க்க வந்தார்கள். செலஸ்தீனோ யோசித்தார். வளைவில் யாரும் சுற்றிப்போக முடியாது என்று சொன்னவர் அவர்தான். ஆற்றுப்பாதை என்ற அந்த ஓட்டையில் இன்னும் எந்த லாரியும் இறங்கவில்லை என்பதும் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கடைசியில் தீர்ப்புச் சொன்னார். மறியல் முடிகிறவரை அந்த ஜீப் ஆற்றுப்பாதையை அடைத்துக்கொண்டு நிற்கவேண்டும். அவள் இங்கேயே இருந்து எல்லாருக்கும் சமைக்க வேண்டும். அது போக, அடுத்த அறுவடை வரைக்கும் ஊர்ப்பொது வேலை எது வந்தாலும் முதல் ஆளாக நிற்கவேண்டும்.

அடுத்த வாரத்துப் பயணம் போயிற்று. இந்த மூவரின் பஸ் போயிற்று. மறியல் எத்தனை நாள் ஓடும் என்று யாருக்கும் தெரியாது. கிணற்று மிஷின் வருமா என்பதும் தெரியாது. பசீலியாவுக்குக் கோபம் தீரவில்லை. உலகத்திலுள்ள எல்லாத் தலையணைகள்மீதும் தீரவில்லை.

புருதென்சியா பேனாவைத் திறந்தாள். பிறகு நிறுத்தினாள். “அண்ணே, யார் பேர்ல எழுதறது?”

“பதிவுல இருக்கறபடி எழுது. செவேரோ யுக்ரான்னு.”

“செத்த மனுஷன் ஜீப் ஓட்டிட்டு வந்து மறியலை உடைச்சாருன்னு எழுதவா? நாளைக்கு இதைப் படிக்கறவன் என்னைப் பைத்தியம்பான்.”

ரெமீஹியோ ஏதோ சொல்ல எழுந்தான். பின்னால் இருந்தவள் அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். புருதென்சியா யாருக்கும் காத்திருக்கவில்லை. எழுதினாள். எழுதியதை வழக்கப்படி எழுந்து நின்று சத்தமாக வாசித்தாள்.

“பசீலியா யுக்ரா. விலாகாலா. ஊர் மறியலை மீறிய குற்றத்துக்கு அபராதம்.”

“ஆஜர்,” என்றாள் பசீலியா.

“அபராதத்துக்கு ஆஜர் சொல்ல வேண்டியதில்லைக்கா,” என்றாள் புருதென்சியா, தலை நிமிராமல். “ஆனா இது முடியற வரைக்கும் கூட்டத்துக்குக் கூட்டம் இந்தப் பேரைத்தான் நான் வாசிக்கணும். சட்டம் அப்படி.”

“அப்ப மெதுவாவே முடிக்கிறேன்.”

மூன்று சிநேகிதர்களும் சாலையோரம் மூட்டைமேல் உட்கார்ந்து, தங்கள் கதி என்ன ஆயிற்று என்று புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு ஊர் முழுக்க இருக்கிறது என்று பசீலியா அவர்களிடம் ஒரு சாக்கு உருளைக்கிழங்கை இறக்கினாள். பிறகு ஜீப்பில் ஏறி, அதை ஆற்றுப்பாதையின் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தினாள். சாவியைப் பிடுங்கிச் செலஸ்தீனோவிடம் கொடுத்தாள். நாச்சோ உரித்த கிழங்கில் பாதி தோலோடு போயிருந்தது. அவள் கத்தியை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டு, வெந்நீர் வைக்கச் சொன்னாள்.